புது வண்டிக்கு முதல் ஆயிரம் கிலோமீட்டர்: தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

தம்பி, சாவி உன் கைக்கு வந்த நிமிஷத்திலிருந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பெரியப்பா, "ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் நாப்பதைத் தாண்டாதே" என்பார். உன் கூட்டாளிகள், "முதல் நாளே நல்லா முறுக்கிவிட்டாத்தான் பிக்கப் வரும்" என்பார்கள். இன்னொருவர், "இப்ப வர்ற வண்டிக்கெல்லாம் அது எதுவும் தேவையில்ல" என்று முடித்துவிடுவார். மூன்று பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதையாவது ஒன்றை முழுதாகப் பிடித்துக்கொண்டால் வண்டிக்குத்தான் நஷ்டம்.

புது இன்ஜின் பழகுவதற்கு மூன்று காரியம் வேண்டும். வேகம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜின் முக்கவும் கூடாது, அலறவும் கூடாது. முதல் ஆயிலை நேரத்தில் மாற்ற வேண்டும். கீழே நான் சொல்கிற ஒவ்வொன்றும் இந்த மூன்றிலிருந்து வருவதுதான்.

நம்ம பக்கத்தில் பைக் வீட்டுக்கு ஒரு ஆள் மாதிரி உழைக்க வேண்டும். திருச்சுழியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற கிராமங்களுக்குப் பஸ் எப்போது வரும், எப்போது வராது என்று உனக்கே தெரியும். அருப்புக்கோட்டையில் வேலை, காரியாபட்டியில் ஒரு காரியம், நரிக்குடியில் ஒரு கல்யாணம், ராத்திரியில் ஆஸ்பத்திரி என்று எல்லாவற்றுக்கும் அதுதான் கை கொடுக்கும். தவணை முடிந்த பிறகும் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓட வேண்டிய வண்டியின் ஆயுளில் பெரும்பங்கு முதல் சில வாரங்களிலேயே முடிவாகிறது. அதனால் பொறுமையாகப் படி.

உள்ளே என்ன நடக்கிறது?

சிலிண்டரின் உள்சுவர் பார்வைக்கு வழவழப்பாகத் தெரியும். அதன்மேல் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடப்பட்டிருக்கும். ஹோனிங் என்று பட்டறையில் சொல்வார்கள். தொழிற்சாலையில் வேண்டுமென்றே செய்கிற வேலை அது. அந்தக் கோடுகளுக்குள் ஆயில் தங்கும். கோடுகளின் மேல்முனைகள் கூராக இருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் மேலும் கீழும் போய்வரும்போது அந்த முனைகள் தேய்ந்து சமமாகும். ரிங்கின் விளிம்பும் சுவரின் வளைவுக்கு ஏற்றபடி தேயும். இரண்டும் பொருந்திவிட்டால் பெட்ரோல் எரிகிற அழுத்தம் கீழே கசியாது, கீழே இருக்கிற ஆயில் மேலே ஏறாது. இன்ஜின் "செட் ஆயிருச்சு" என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான்.

ரிங் சுவரோடு அழுந்துவதற்கு அதன் சொந்த விறைப்பு மட்டும் போதாது. எரிகிற வாயு மேல் ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதை வெளியே தள்ளுகிறது. ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது இந்த அழுத்தம் கூடும், மூடும்போது குறையும். நாள் முழுக்க 30-லேயே உருட்டிக்கொண்டிருந்தால் ரிங் போதுமான அளவு அழுந்தாது. சுவரில் உள்ள ஆயில் சூட்டில் காய்ந்து வழவழப்பான படலமாகப் படிந்துவிடும். அதன்மேல் ரிங் வழுக்கிக்கொண்டே போகும், பொருந்தாது. அப்படிப் போன இன்ஜின் ஆயில் குடிக்கும், இழுவையும் குறையும்.

மறுபக்கம், முதல் நாளே முழுக்க முறுக்கி நீண்ட நேரம் ஓட்டினால், தேயாத முனைகள் உரசிக் கடும் சூடு கிளம்பும். ஆயில் படலம் அறுந்து பிஸ்டனும் சுவரும் கீறிக்கொள்ளும். பிஸ்டன் ஜாம் ஆகிற அளவுக்குப் போகாவிட்டாலும், விழுந்த கீறல் தானாக ஆறாது.

முறுக்கச் சொல்கிற கூட்டாளிகளின் பேச்சில் உள்ள உண்மை, ரிங் பொருந்த அழுத்தம் வேண்டும் என்பது. பெரியப்பாவின் பேச்சில் உள்ள உண்மை, சூடு ஆகாது என்பது. அழுத்தம் கொடுக்க வேண்டும், கொஞ்ச நேரம் மட்டும் கொடுக்க வேண்டும், உடனே தளர்த்த வேண்டும். இதுதான் வழி.

ரிங் மட்டுமில்லை, கியர் பற்கள், கேம், கிளட்ச் பிளேட் எல்லாமே இந்தச் சமயத்தில் ஒன்றோடொன்று பழகுகின்றன. தேய்ந்த உலோகத்தூள் முழுதும் ஆயிலில்தான் சேரும். புது அம்மி வாங்கி வந்த அன்றே அம்மா சட்னி அரைக்கமாட்டார். தவிட்டைப் போட்டு அரைத்து, கல்தூள் கழிய அலசிக் கொட்டிவிட்டுத்தான் சமையலுக்கு எடுப்பார். உன் வண்டியின் முதல் ஆயில் அந்தத் தவிடுதான். தூளை வாங்கிக்கொண்டு வெளியே போவது அதன் வேலை.

பெரியப்பாவின் நாற்பது எங்கிருந்து வந்தது?

அவர் சொல்வது அவர் காலத்து வண்டிக்குச் சரி. 1955-இல் சென்னையில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுகளில் பல பத்தாண்டுகள் வார்ப்பிரும்பு சிலிண்டர்தான் இருந்தது. இன்றைய எந்திரங்களின் துல்லியம் அன்று கிடையாது. சூட்டில் பிஸ்டன் விரிந்து பிடித்துக்கொள்ளும் பயம் அதிகம். 1980-இல் வந்த டிவிஎஸ் 50 டூ ஸ்ட்ரோக் வண்டி. அதில் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். பிஸ்டனுக்குப் பெட்ரோல் எவ்வளவு போகிறதோ அந்த அளவுக்குத்தான் ஆயிலும் போகும். அந்த இன்ஜின்களோடு வாழ்ந்தவர்கள் சூட்டுக்குப் பயந்ததில் நியாயம் உண்டு.

இப்போது கடைக்கு வரும் 100, 125 சிசி பைக்குகள் ஃபோர் ஸ்ட்ரோக். 2015-இல் வந்த டிவிஎஸ் எக்ஸ்எல் 100-உம் ஃபோர் ஸ்ட்ரோக்தான். ஆயில் இன்ஜினின் அடியில் தனியாக இருந்து வேண்டிய இடத்துக்கெல்லாம் போகிறது. 2020 ஏப்ரல் 1-ஆம் தேதி பி.எஸ். 6 விதி வந்த பிறகு பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃபியூயல் இஞ்செக்‌ஷன் வந்துவிட்டது. ஆனாலும் ரிங்கும் சுவரும் பொருந்த வேண்டிய வேலை அப்படியே இருக்கிறது.

வண்டியோடு வரும் கையேட்டை முதல் நாளே படி. ஹோண்டாவின் கையேடுகள் முதல் 500 கி.மீ.க்குச் சொல்வது பழக்கங்களைத்தான்: நின்ற இடத்திலிருந்து முழு ஆக்சிலேட்டர் கொடுக்காதே, சடாரென்று வேகம் கூட்டாதே, பலமாகப் பிரேக் அடிக்காதே, வேகத்தில் இருக்கும்போது மளமளவென்று கியரை இறக்காதே. யமஹாவின் பல கையேடுகள் 1,600 கி.மீ. வரை கவனிக்கச் சொல்லி, அதை இரண்டு கட்டமாகப் பிரித்துத் தருகின்றன. நான் கீழே சொல்கிற எண்கள் சாதாரண 100, 125 சிசி வண்டியை மனதில் வைத்தவை. உன் கையேடு வேறு எண் சொன்னால் கையேட்டையே பிடித்துக்கொள்.

1. வண்டியை எடுக்கும்போதே பார்

ஆயில் அளவை உன் கண்ணால் பார். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இரண்டு மூன்று நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, இன்னும் இரண்டு மூன்று நிமிஷம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் குச்சியைத் திருகாமல் சும்மா வைத்துத்தான் அளக்க வேண்டும். சில வண்டிகளில் குச்சிக்குப் பதில் பக்கவாட்டில் கண்ணாடி வட்டம் இருக்கும். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும்.

டயர் காற்றையும் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்த்து வாங்கு. காற்று குறைந்திருந்தால் இன்ஜின் வீணாக இழுக்கும், கூடியிருந்தால் டயர் ரோட்டைப் பிடிக்காது.

2. பூஜை முடிந்ததும் மாலையைக் கழற்று

திருமேனிநாதர் கோயிலுக்கோ குலதெய்வத்துக்கோ கொண்டுபோகாமல் நம்ம வீட்டில் வண்டியை ஓட்டப்போவதில்லை. தாராளமாகப் பூஜை போடு, எலுமிச்சம்பழம் வை. ஓட்டக் கிளம்புமுன் மாலையைக் கழற்றி வீட்டில் மாட்டிவிடு. நம்ம வண்டிகளில் பெரும்பாலானவை காற்றில் குளிர்கிற இன்ஜின்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகள் வழியாகக் காற்று போனால்தான் சூடு இறங்கும். மாலையோ துணியோ அதை அடைக்கக்கூடாது. மாலையின் நார் செயினிலோ சக்கரத்திலோ சுற்றினால் ஆபத்து தனி.

குலதெய்வக் கோயில் தூரமாக இருந்தால், அந்தப் பயணத்தை முதல் சர்வீஸ் முடிந்த பிறகு வைத்துக்கொள். முதல் நாள் பக்கத்துக் கோயில் போதும்.

3. முதல் 50 கிலோமீட்டர்

காலையில் ஸ்டார்ட் செய்ததும் அரை நிமிஷம், ஒரு நிமிஷம் ஓடவிட்டால் போதும். நம்ம ஊர் சூட்டுக்கு அதற்கு மேல் வேண்டாம். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிஷம் ரைஸ் செய்துகொண்டிருப்பது புது இன்ஜினுக்கு மிகக் கெட்டது. காற்றும் கிடைக்காது, ரிங்குக்கு அழுத்தமும் கிடைக்காது.

கிளம்பியபின் முதல் இரண்டு மூன்று கி.மீ. மெல்லப் போ. இன்ஜின் சூடேறியதும் வேலையைத் தொடங்கு. மூன்றாம் கியரில் 25-லிருந்து 40 வரைக்கும் சீராக இழு. உடனே ஆக்சிலேட்டரை விட்டு, அதே கியரில் 25-க்கு இறங்கவிடு. மறுபடி இழு. பின்னால் வண்டி வராத இடமாகப் பார்த்துச் செய். ஆக்சிலேட்டரைத் திறக்கும்போது ரிங் அழுந்துகிறது. விடும்போது அழுத்தம் தளர்ந்து, சூடும் தூளும் ஆயிலோடு விலகுகின்றன. அரை ஆக்சிலேட்டருக்கு மேல் திறக்க வேண்டாம்.

புது சைலன்ஸரிலிருந்து கருகல் வாடையும் லேசான புகையும் முதல் நாள் வரலாம். மேலே பூசியிருக்கும் பூச்சு காய்கிறது. ஓரிரு நாளில் நின்றுவிடும்.

டயர், பிரேக் இரண்டும் புதுசு. டயரின் மேல்தோல் வழுக்கும். பிரேக் கட்டை இன்னும் பதியவில்லை. முதல் 200 கி.மீ.க்கு வளைவில் சாய்க்காதே. முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட அதிக இடைவெளி விடு.

4. 500 வரைக்கும்: எந்த ரோடு நல்லது?

திருச்சுழி–அருப்புக்கோட்டை ரோடு சுமார் 15 கி.மீ. நடுவில் ஊர்கள், வேகத்தடை, வளைவு, ஆட்டு மந்தை என்று வேகம் தானாகவே கூடும், குறையும். கியர் மாறிக்கொண்டே இருக்கும். புது இன்ஜினுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் தேடவேண்டியதில்லை. தினமும் போய்வந்தால் 30 கி.மீ. ஆகிறது. பதினாறு, பதினேழு நாளில் 500 வந்துவிடும். பொறுமை என்று நான் கேட்பது அவ்வளவுதான்.

மதுரை–தூத்துக்குடி நான்குவழிச்சாலைதான் ஆசைகாட்டும். நம்ம பூமி சமவெளி. மேடு பள்ளம் கிடையாது. பாலம் வந்தால்தான் ஏற்றம். நேர் ரோட்டில் ஒரே வேகத்தில், ஒரே கியரில், கையை அசைக்காமல் காரியாபட்டியிலிருந்து மதுரை வரைக்கும் போய்விடலாம். புது இன்ஜினுக்கு அது ஆகாது. ரிங் ஒரே அழுத்தத்தில், ஒரே சூட்டில் நின்றுவிடும். முதல் 500 கி.மீ.க்குள் அந்த ரோட்டில் போகவேண்டிய கட்டாயம் வந்தால், இடது ஓரம் பிடித்து, 40-க்கும் 55-க்கும் நடுவில் கூட்டிக் குறைத்துப் போ. இருபது இருபத்தைந்து கி.மீ.க்கு ஒரு தடவை பத்து நிமிஷம் நிறுத்து. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இன்ஜின் ஆறிவிடும். சூடேறி, ஆறி, மறுபடி சூடேறுவதும் பழக்கத்தில் ஒரு பகுதிதான்.

5. முக்கவிடாதே

இதுதான் பலரும் கவனிக்காத இடம். "நாப்பதுலதானே போறேன்" என்று நான்காம் கியரில் 25-க்கு இறங்கி, அப்படியே ஆக்சிலேட்டரைத் திருகுவார்கள். வண்டி திணறும், டக்டக்கென்று அடிக்கும், டேங்க் அதிரும். வேகம் குறைவு, ஆனால் இன்ஜின்மேல் சுமை அதிகம். ஆயில் பம்ப் மெதுவாகச் சுற்றுகிற நேரத்தில் பிஸ்டன்மேல் பெரிய அழுத்தம் விழுகிறது. மெதுவாகப் போனோம் என்று நீ நினைப்பாய். இன்ஜின் அடி வாங்கியிருக்கும்.

100, 125 சிசி நான்கு கியர் வண்டிக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள். நகர்ந்ததும் இரண்டாவது, 20–25-இல் மூன்றாவது, 35–40-இல் நான்காவது. நான்காம் கியரில் 35-க்குக் கீழே இறங்கினால் மூன்றுக்கு வந்துவிடு. ஆர்பிஎம் மீட்டர் இல்லாத வண்டியென்றால் காதுதான் மீட்டர். கொர்கொர்ரென்று அடித்தால் கியரைக் குறை. கீச்சென்று கத்தினால் கியரைக் கூட்டு.

ஆடியில் இன்னும் கவனம் வேண்டும். மேக்காத்து எப்படி அடிக்கும் என்று உனக்குத் தெரியும். அருப்புக்கோட்டை நமக்கு மேற்கே இருப்பதால் போகும்போது காற்று நெஞ்சில் முட்டும், திரும்பும்போது முதுகில் தள்ளும். போகிற வழியில் 45-இல் போவதற்கே ஆக்சிலேட்டர் அதிகம் கேட்கும். அப்போது முறுக்கிப் போராடாதே. ஒரு கியர் குறைத்து, 35–40-இல் போ.

6. வெயில்

சித்திரை, வைகாசியில் வண்டி எடுத்தால் நீண்ட ஓட்டத்தைக் காலையிலோ பொழுது சாய்ந்தோ வைத்துக்கொள். ரயில்வே கேட் மூடியிருந்தால் இன்ஜினை நிறுத்து. பேச நின்றாலும் நிறுத்து. சூடான இன்ஜின்மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவாதே. தொட்டால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு கழுவு.

நிறுத்துகிற இடத்தையும் பார். இப்போதைய சைலன்ஸருக்குள் இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மிகவும் சூடாகும். காய்ந்த புல், சோளத்தட்டை, வைக்கோல் பக்கத்தில் நிறுத்தக்கூடாது. அறுவடைக் காலத்தில் நம்ம ரோடுகளில் கம்பும் உளுந்தும் மல்லியும் வண்டி ஏறட்டும் என்று பரப்பிப் போடுவார்கள். அதன்மேல் போகாமல் ஒதுங்கிப் போ. சக்கரமும் வழுக்கும்; தாள் சுற்றிக்கொண்டு சைலன்ஸரில் ஒட்டினால் தீப்பிடிக்கவும் கூடும். ஏறிவிட்டால் இறங்கி, சுற்றியதை எடுத்துவிட்டுக் கிளம்பு.

7. புழுதியும் கரிசலும்

ரிங் பொருந்துகிற வேலையைக் கெடுப்பதில் புழுதிக்கு இணை எதுவும் இல்லை. ஏர் ஃபில்டரைத் தாண்டிப் போகிற மண்துகள் சிலிண்டர் சுவரை அரம்போல் அராவும். மண்பாதையில் லாரியையோ டிராக்டரையோ ஒட்டிப் போகாதே. புழுதி அடங்கட்டும் என்று நின்று போ. முதல் சர்வீஸில் ஏர் ஃபில்டரைத் திறந்து பார்க்கச் சொல். நம்ம ஊர் ஓட்டத்துக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டருக்கு முன்பே பார்ப்பது நல்லது. புழுதியில் ஓடும் வண்டிக்கு அப்படித்தான் கையேடுகளும் சொல்கின்றன. தாள் ஃபில்டரில் ஆயில் பூசியிருந்தால் அதைக் கழுவவோ காற்றடிக்கவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டி எடுத்தால் புழுதிக்குப் பதில் கரிசல். மண் மட்கார்டுக்குள் அப்பிச் சக்கரத்தைப் பிடிக்கும். பிடித்த சக்கரத்தோடு ஹாஃப் கிளட்சில் முறுக்கினால் புது கிளட்ச் பிளேட் கருகிவிடும். இறங்கி, குச்சியால் மண்ணைத் தள்ளிவிட்டு ஓட்டு.

8. சுமை

முதல் 500 கி.மீ.க்கு நீ மட்டும், மிஞ்சினால் அம்மாவோ நானோ பின்னால். மிளகாய் மூட்டை, தண்ணீர்க் குடம், ஆட்டுக்குத் தழை, தீவனம் எல்லாம் அப்பாவின் எக்ஸ்எல்லில் போகட்டும். வேறு வழியே இல்லாமல் சுமை ஏற்றினால், சின்னக் கியரில், மெல்ல, நிறுத்தி நிறுத்திப் போ. மூன்று பேர் ஏறுவது எந்த நாளிலும் கூடாது. ஹெல்மெட் உனக்கும், பின்னால் உட்காருகிறவருக்கும்.

9. பெட்ரோல்

பெட்டிக்கடை பாட்டில் பெட்ரோலைப் புது வண்டிக்கு ஊற்றாதே. அதில் என்ன கலந்திருக்கிறது, எத்தனை நாள் இருந்தது என்று தெரியாது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் சேர்ந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். திறந்து மூடிய பாட்டிலில் தண்ணீர் சேர வாய்ப்பு அதிகம்.

டேங்கை ரிசர்வ் வரைக்கும் காயவிடாதே. இஞ்செக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே இருக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதைக் குளிரவைக்கிறது. பங்குக்குப் போகும்போதே கொஞ்சம் கூட நிரப்பிவிடு.

10. முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதே

பெரும்பாலான வண்டிகளுக்கு முதல் சர்வீஸ் 500-லிருந்து 1,000 கி.மீ.க்குள் வரும். நாள் கணக்கும் போட்டிருப்பார்கள். கிலோமீட்டர், நாள், இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. "இன்னும் ஐநூறு ஓடலையே" என்று இரண்டு மாதம் போட்டுவைக்காதே. இலவச சர்வீஸைத் தவறவிட்டால் வாரண்டியிலும் தகராறு வரும். பில்லைப் பத்திரப்படுத்து.

அங்கே கேட்டுச் செய்யவேண்டியவை:

• ஆயிலை இன்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும்போதே இறக்கச் சொல். அப்போதுதான் தூளும் சேர்ந்து வெளியே வரும்.

• ஆயில் ஃபில்டர் உள்ள வண்டியில் அதை மாற்ற வேண்டும். சல்லடை மட்டும் உள்ள வண்டியில் கழுவ வேண்டும்.

• இறக்கிய ஆயிலை வெளிச்சத்தில் பார். மினுமினுவென்று மாவுபோல் தெரிந்தால் அது சரியான அடையாளம். கைக்குத் தட்டுப்படும் சில்லுகள் வந்தால் அப்போதே காட்டிக் கேள்.

• டேப்பட், கிளட்ச் ஃப்ரீ பிளே, செயின் தொய்வு, போல்ட் இறுக்கம் நான்கையும் பார்க்கச் சொல். புதுச் செயின் முதல் சில நூறு கி.மீ.யில் தளரும். தொய்வு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். பல வண்டிகளுக்கு 20–30 மி.மீ.

ஆயிலில் ஒன்றைக் கட்டாயம் கவனி. கேனில் உன் கையேட்டில் உள்ள கிரேடு இருக்க வேண்டும். சில வண்டிக்கு 10டபிள்யூ-30, சிலதுக்கு 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50. கூடவே ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்க வேண்டும். கியர் பைக்குகளில் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் நனைகிறது. கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்ந்திருந்தால் கிளட்ச் வழுக்கத் தொடங்கும். மிச்சமாகக் கிடக்கிறது என்று கார் ஆயிலை ஊற்ற விடாதே.

11. 500-லிருந்து 1,600 வரை

புது ஆயில் ஏறியதும் கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கலாம். 1,000 வரைக்கும் 55–60, அதுவும் நீண்ட நேரம் அங்கேயே நிற்காமல். இடையிடையே முக்கால் ஆக்சிலேட்டர் வரைக்கும் சில விநாடிகள் இழுத்து விடு. 1,000-க்குப் பிறகு வாரத்துக்கு வாரம் கூட்டு. நான்குவழிச்சாலையில் பந்தல்குடி வரைக்கும் போய்வரலாம். அங்கேயும் ஒரே வேகத்தில் உறையாதே. 1,600 தாண்டியதும் வழக்கம்போல் ஓட்டு. வாரத்துக்கு ஒரு தடவை ஆயில் குச்சியைப் பார்க்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதே.

12. இரவல் கொடுக்காதே

"மாப்ள, ஒரு ரவுண்டு" என்று கேட்பார்கள். அந்த ஒரு ரவுண்டில் நீ மூன்று வாரம் பார்த்துப் பார்த்துச் செய்தது போய்விடும். புது வண்டி கையில் கிடைத்தால் முறுக்கிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றும். "சர்வீஸ் முடியட்டும், தர்றேன்" என்று சிரித்த முகமாகச் சொல். கோபித்துக்கொண்டால் அக்கா சொன்னாள் என்று என்மேல் போடு.

செட் ஆனது எப்படித் தெரியும்?

1,000 கி.மீ.க்கு மேல் இவற்றைப் பார். நியூட்ரல் எளிதாக விழும், கியர் மாறும்போது சத்தம் குறையும். ஆக்சிலேட்டரை விட்டதும் வண்டி பிடித்து இழுக்காமல் நெடுந்தூரம் உருளும். முதல் டேங்கைவிட மைலேஜ் கொஞ்சம் கூடியிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நுனி வறண்டு வெளிர்பழுப்பாக இருக்கும். ஆயில் அளவு சர்வீஸுக்கு சர்வீஸ் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

சைலன்ஸரில் நீலப்புகை, பிளக் நுனியில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி, வாரத்துக்கு வாரம் ஆயில் இறக்கம், இவற்றில் எது தெரிந்தாலும் வாரண்டி இருக்கும்போதே எழுத்தில் புகார் கொடு. "ஓட ஓடச் சரியாயிரும்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. ஓடிய கிலோமீட்டர், தேதி, ஆயில் அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தால் உன் பேச்சுக்கு மதிப்பு இருக்கும். அந்த நோட்டை வண்டி வீட்டுக்கு வந்த அன்றே தொடங்கு. முதல் வரியாக மீட்டரில் உள்ள எண்ணையும் ஆயில் குச்சியில் பார்த்த அளவையும் எழுது.